கிழிய வேண்டிய தையல்

ரவுண்டானா பக்கம் மூன்று கடையிலும்
கையை விரித்துவிட்டார்களாம்.
"கிழியாதுன்னு போர்டு எழுதி வெச்சிருக்கோம் சார்,
கிழியறதுக்குத் தைக்கச் சொன்னா எப்படி?"
அப்புறம்தான் பழையபேட்டைச் சந்துக்குள் நுழைந்து
ரவிக்கை மட்டும் தைக்கிற என்னிடம் வந்தார்
புரொடக்‌ஷன் மேனேஜர் தீர்த்தகிரி.
கையில் ஒரு காக்கி பேண்ட்.
கூலி இருபது. அதில் பத்து இப்போது,
பத்து கிழிந்த பிறகு.

சறுக்கல் சங்கம், பாகம் பதினொன்று.
பத்துப் பாகத்திலும் விழுந்த அதே ஐந்து பேர்,
அதே ஏணி, அதே சுண்ணாம்பு வாளி,
அதே வாழைப்பழத் தோல்
(பழம் யூனிட்டின் காலை டிபன்).
மூஞ்சியில் அடிக்கக் கேக் வாங்க வழியில்லாமல்
மாங்கூழ்.
பேக்டரியில் டப்பா நசுங்கிப் போனதைப்
பாதி விலைக்குப் பிடித்திருந்தார்கள்.

"ஹீரோ மூணு தடவை குனிவாரு.
முதல் தடவை கிழியக் கூடாது.
ரெண்டாவதுல சத்தம் மட்டும்.
மூணாவதுல நடு..." என்று இழுத்தவர்
என் முகத்தைப் பார்த்து
"நடுவாந்திரத்துல" என்று முடித்துக்கொண்டார்.
"பேண்ட் ஒண்ணுதான் துளசிபாய். டேக்கும் ஒண்ணுதான்."

பதினெட்டு வருஷமாக நான் தைத்ததெல்லாம்
தாங்குவதற்கு.
ஓசூர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால்
அக்குள் பிரியக் கூடாது,
என் படிப்பு அவ்வளவுதான்.
அன்று ராத்திரி அதைத் தலைகீழாகப் படித்தேன்.
இரண்டு தையல் இறுக்கி
ஒரு தையலை ஏமாற்றி
நூலைப் பல்லால் பாதி கடித்து
வீட்டுக்காரர் நாகோஜியைப் போட்டுக் குனியச் சொன்னேன்.
நாற்பது தடவை குனிந்தார் மனுஷன்.
சாமி முன்னால்கூட அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அணைப் பூங்கா. உச்சி வெயில்.
போஸ்டரில் முப்பது வயதாக இருக்கும்
குட்டிக்கரணம் குப்பண்ணாவுக்குக்
கிட்டத்தில் அறுபது.
முட்டியில் எண்ணெய்த்துணி சுற்றியிருந்தார்.
"நல்லாக் கிழியுமாம்மா?"
டாக்டரம்மாவிடம் கேட்கிற குரல்.

முதல் குனிதல். தாங்கியது.
இரண்டாவது. நான் கடித்த நூல் முனகியது.
அப்போது வந்தது
மாங்கூழ் வாளியைத் தேடிக்கொண்டு
ஒரு ஊரே திரண்டமாதிரி குளவி.
டைரக்டர் ஓடினார், தீர்த்தகிரி ஓடினார்,
போலீஸ் வேஷம் நாலு பேரும்
நிஜத் திருடன் மாதிரி ஓடினார்கள்.
கேமராக்காரன் நிறுத்தாமலே ஓடியதில்
மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

குப்பண்ணா ஓடவில்லை.
ஓடினால் கிழிந்துவிடும்.
பாதி குனிந்து, தொடையைத் தொடையோடு ஒட்டி,
பேண்ட் ஒன்றுதானே,
அப்படியே நின்றார்.
குளவி மூக்கில் உட்கார்ந்தது. இமையில் நடந்தது.
காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
வேறு காதுக்குப் போனது.
அவர் கண் மட்டும் அதன் பின்னாலேயே போய் வந்தது.

படம் வந்தது.
பெஞ்சு டிக்கெட்டில் நானும் நாகோஜியும்.
கிழிகிற இடத்தில் எவனும் சிரிக்கவில்லை,
அது ஏழாம் பாகத்திலேயே கிழிந்ததாம்.
குளவி வந்தபோதுதான்
கொட்டகை உருண்டது.
முறுக்கு விற்கிற பையன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.
நாகோஜி என் தோளில் கண்ணைத் துடைத்தார்.

நான் மூஞ்சியைப் பார்க்கவில்லை.
காக்கியின் அந்த நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு முழு நிமிஷம்,
பயத்தில் நடுங்கும் ஒரு ஆளின் மொத்தக் கனத்தையும்
கிழிவதற்கென்றே தைத்த தையல்
தாங்கி நின்றது.

பாக்கி பத்து ரூபாய் வரவில்லை.
பன்னிரண்டாம் பாகத்தில் சேர்த்துத் தருவதாகச்
சொல்லியனுப்பியிருக்கிறார் தீர்த்தகிரி.
இந்தத் தடவை ஏழு பேண்டாம்,
ஒரே ஏணியாம்.